தீட்சிதரும் கும்பினிப் பாண்டும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் ராஜபாட்டையில் விக்கிரவாண்டி என்றோர் ஊர் இருப்பதை நம் நேயர் யாவரும் அறிவர். 1752-ஆம் வருஷம் அவ்வூர்ப் புறத்தே மேஜர் கின்னீர் என்பவன் நடத்தி வந்த ஆங்கிலக் கும்பினிப் படையைப் பிரெஞ்சுக்காரர் முறியடித்துத் துரத்தினர் என்பதை அறிந்தவர் அத்தனை பேர் இரார். செஞ்சிக் கோட்டை கைமாறியதும், பெருமுக்கல் மலையைச் சுற்றிப் பீரங்கிகள் முழங்கியதும், 1760 ஜனவரி 22-ந் தேதி வந்தவாசி வெளியில் தென்னாட்டின் தலைவிதி ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்ததும் இந்த வட்டாரத்து மண்ணில்தான். அந்நாளில் இவ்வழியே போன படைகள் துப்பாக்கியை மாத்திரம் தூக்கிக்கொண்டு போகவில்லை. முரசும் குழலும் இல்லாமல் ஐரோப்பியப் பட்டாளம் நடை பயில்வதில்லை. நம் நாட்டுக் குடியானவன் மேனாட்டுச் சங்கீதத்தைக் கேட்டது விருந்து மண்டபத்தில் அன்று. தன் பயிரை மிதித்துச் சென்ற பட்டாளத்தின் முன்வரிசையில்.

அந்தப் பட்டாள இசையை நின்று கேட்டு, அதன் மெட்டுக்களை எடுத்து, அவற்றில் தெய்வ சாகித்தியங்கள் அமைத்தவர் முத்துசுவாமி தீட்சிதர். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர். வாதாபி கணபதிம் என்ற கிருதியைக் கேளாத தமிழன் இல்லையாதலால், அவர் பெயரை அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. ஆனால் அவர் இயற்றிய நோட்டுஸ்வர சாகித்தியங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் தேசாபிமானிகள் சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஆங்கில மன்னனை வாழ்த்தும் ராஜகீதத்தின் மெட்டு அவற்றுள் ஒன்று. சுதந்திரத்திற்காகச் சிறை சென்ற தலைமுறையினர் எந்தப் பாட்டுக்கு எழுந்து நிற்க மறுத்தார்களோ, அதே மெட்டில் நம் சங்கீத மகான் பாடினார் என்றால் மனம் உறுத்தத்தான் செய்யும். இது அடிமை மனமா, அன்றி வேறொன்றா என்று தீர்ப்பதற்கு அவருடைய வாழ்வைத்தான் சாட்சியாக அழைக்க வேண்டும்.

தீட்சிதரின் முன்னோர் வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர்கள். ஆற்காட்டு நாட்டில் மூண்ட கலகங்களால் அக்குடும்பம் ஊரை விட்டுப் பெயர்ந்து, காவிரி பாயும் சோழ நாட்டில், திருவிடைமருதூருக்கு அருகிலுள்ள கோவிந்தபுரத்தில் குடியேறிற்று. ஆக, படைகளின் காலடி ஓசை இக்குடும்பத்தின் கதையில் தொடக்கத்திலேயே கேட்கிறது. முத்துசுவாமியின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் 1735-ல் பிறந்தவர். பெரும் சங்கீத வித்துவான். 108 ராக தாளங்களில் ராகமாலிகை செய்தவர். ஹம்ஸத்வனி ராகம் அவர் உண்டாக்கியது. பிள்ளை அதே ராகத்தில் வாதாபி கணபதியைப் பாடித் தந்தையின் செல்வத்தை ஊரறியச் செய்தார்.

முத்துசுவாமி திருவாரூரில் மன்மத வருஷம் பங்குனி மாதம் கிருத்திகை நட்சத்திரத்தில் பிறந்தார். பஞ்சாங்கக் கணக்குப்படி அது 1776 மார்ச்சில் வரவேண்டும்; 1775 என்று அச்சிடுவோரே மிகுதி. சின்னசுவாமி, பாலுசுவாமி என்ற தம்பியர் இருவர்; பாலாம்பாள் என்ற சகோதரி ஒருத்தி. முத்துசுவாமிக்கு ஐந்தாறு வயதிருக்கும்போது, 1781-ல், ஹைதர் அலியின் படைகள் தஞ்சைச் சீமையைப் பாழாக்கின. பிற்காலத்தில் அவர் பாட்டில் தோன்றும் அமைதியை எண்ணும்போது, அவர் பிறந்து வளர்ந்த காலம் எத்தகையது என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னர் ராமசுவாமி தீட்சிதரின் குடும்பம் சென்னைக்கு வடக்கேயுள்ள மணலிக்குச் சென்றது. அழைத்தவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார். கவர்னர் பிகட்டுக்குத் துபாஷாக இருந்தவர் அவர். அந்தப் பிகட்டு 1776-ல் தன் சொந்த ஆலோசனைச் சபையாராலேயே பதவியிலிருந்து தள்ளப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டு, அடுத்த வருஷம் அந்நிலையிலேயே மாண்டான் என்பது கும்பினி ஆட்சியின் லட்சணத்துக்கு நல்ல உதாரணம். முதலியாரோ பெரிய தர்மவான். இன்று ஹைக்கோர்ட்டு நிற்கும் இடத்திலிருந்த சென்னைப் பட்டணத்துப் பெருமாள் கோயிலை 1757-ல் கும்பினியார் இடித்துவிட்டபின், வேறிடத்தில் அதை எழுப்ப முன்னின்றவர் அவர். ராமநாடகம் பாடிய அருணாசலக் கவிராயரையும் ஆதரித்தார். அவருக்குப் பின் அவர் குமாரர் வேங்கடகிருஷ்ண முதலியார், சின்னையா முதலியார் என்று வழங்கப்பட்டவர், தீட்சிதர் குடும்பத்தைப் போற்றி வந்தார்.

இங்கே ஓர் உண்மையை மூடி மறைப்பதில் பயனில்லை. மணலிச் செல்வம் கும்பினி வியாபாரத்தால் வந்த செல்வம். அதன் நிழலில்தான் தீட்சிதர் வாலிபரானார். அந்நாளில் சங்கீதத்துக்குச் சோறிட்டவர்கள் ராஜாக்கள், ஜமீன்தார்கள், துபாஷிகள் என்ற மூன்று வகுப்பாரே. ராஜாக்களோ கும்பினியின் கைக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். தூய கரத்திலிருந்துதான் அன்னம் பெறுவேன் என்று ஒரு வித்துவான் விரதம் பூண்டிருந்தால், அவன் பட்டினி கிடந்திருப்பான்; நமக்கும் இன்று பாட்டு இராது.

சின்னையா முதலியார் தீட்சித சகோதரர்களைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று பட்டாளத்துப் பாண்டு வாத்தியத்தைக் கேட்பித்தார் என்பது வழிவழி வந்த வரலாறு. இருவர் செவியில் அது இரு விதமாக வேலை செய்தது. இளையவர் பாலுசுவாமி பிடில் வாத்தியத்தில் மனத்தைப் பறிகொடுத்தார். முதலியார் ஓர் ஐரோப்பிய வாத்தியக்காரரை அமர்த்த, மூன்று வருஷம் அவரிடம் பயின்று, அவ்வாத்தியத்தை நம் சங்கீதத்துக்கு இசையச் செய்தார். இன்று பிடில் இல்லாத கச்சேரியே இல்லை. அது அந்நியப் பொருள் என்ற நினைவும் நமக்கு இல்லை. தேசியவாதிகளில் எவரும் பிடிலைப் பகிஷ்கரிக்கச் சொன்னதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

மூத்தவர் வாத்தியத்தை எடுக்கவில்லை; மெட்டை எடுத்தார். பாண்டு வாசிக்கும் மெட்டுக்களில் பெரும்பாலானவற்றின் ஸ்வரங்கள் நம் தீரசங்கராபரணத்தின் ஸ்வரங்களே, அதாவது 29-வது மேளம். ஆனால் நம் சங்கராபரணத்தில் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழைந்து, அசைந்து, கமகத்தால் உயிர் பெறும். பட்டாள மெட்டில் ஒவ்வொரு ஸ்வரமும் சிப்பாயின் காலடி போல் தனித்து நிமிர்ந்து நிற்கும். தீட்சிதர் அந்த நிமிர்ச்சியைக் கெடுக்கவில்லை. கமகத்தை விலக்கி, ஸ்வரத்திற்கு ஓர் எழுத்தாகக் குற்றெழுத்தும் நெட்டெழுத்தும் சரிவரப் பொருந்துமாறு சமஸ்கிருதச் சொற்களைக் கோத்தார். தாளமும் எளிய ஏகதாளம். இவ்வாறு சற்றேறக்குறைய 40 சாகித்தியங்கள் அவர் பெயரில் வழங்குகின்றன. நோட்டு என்பது ஆங்கிலச் சொல்லாதலின் நோட்டுஸ்வரம் என்று பெயர் வந்தது. கமலாம்பா நவாவரணம் போன்ற, யானை நடையிற் செல்லும் பெருங்கிருதிகளைச் செய்த அதே கை இவற்றையும் செய்தது என்பதே வியப்பு.

ஜகதீச குருகுஹ என்று தொடங்குவது ஒரு ஸ்காத்லாந்து நடன மெட்டு; மக்டொனால்டு பிரபுவின் பெயரால் வழங்குவது. வந்தே மீனாக்ஷி என்பது லிமரிக் என்னும் ஐரிஷ் மெட்டு. ஸ்காத்லாந்தின் பாட்டும் அயர்லாந்தின் பாட்டும் சென்னைக் கோட்டையில் ஒலிப்பானேன்? கும்பினிப் படையில் சேர்ந்த வெள்ளையருள் வறுமையால் ஊரை விட்டு வந்த ஸ்காத்தியரும் ஐரிஷ்காரரும் மிகப் பலர். இங்கிலாந்தின் நுகத்தடியில் நம்மினும் முந்திச் சிக்கியது அயர்லாந்து. அந்நாட்டு ஏழையின் ஊர்ப்பாட்டு, அவனைக் கூலிக்கு அமர்த்திய படையோடு கடல் கடந்து வந்து, திருவாரூர்ப் பிராமணரின் செவியில் விழுந்து, மதுரை மீனாட்சியின் பாட்டாயிற்று. சரித்திரம் இவ்வளவு விநோதமாக வேறெங்கும் வேலை செய்ததாக எமக்கு நினைவில்லை.

இனி, உறுத்தும் விஷயத்துக்கு வருவோம். ஸந்ததம் பாஹி மாம் என்ற சாகித்தியத்தின் மெட்டு ஆங்கில ராஜகீதத்தின் மெட்டு. மும்மூன்று அடியாக நடப்பது. முதற்பகுதி ஆறும் பிற்பகுதி எட்டுமாகப் பதினான்கு ஆவர்த்தம். அந்தக் கீதத்தை ஆக்கியவர் யார் என்பது அவர்கள் நாட்டிலேயே தீராத வழக்கு. 1745-ல் ஸ்டூவர்ட்டு வம்சத்தார் ஸ்காத்லாந்தில் கலகக்கொடி உயர்த்தியபோது, இரண்டாம் ஜார்ஜுக்கு ஆதரவாக லண்டன் நாடகசாலைகளில் அதைப் பாடி, அது பரவிற்று. பின்னர் ப்ரஷ்யாவும் சுவிட்சர்லாந்தும் அதே மெட்டில் தத்தம் நாட்டுப் பாட்டைப் பாடின. இங்கிலாந்தோடு போரிட்டு விடுதலை பெற்ற அமெரிக்கர்களும் 1831-ல் அதே மெட்டில் தங்கள் தேசத்தைப் பாடினர். தம்மை ஆண்ட மன்னனின் மெட்டு என்று அவர்கள் கூசவில்லை.

தீட்சிதர் அம்மெட்டில் வைத்த பொருள் யாது? மன்னன் இல்லை, கும்பினி இல்லை, கவர்னர் இல்லை. எப்போதும் காக்க வேண்டுமென்று அவர் வேண்டுவது சங்கீத சியாமளையை. நாதத்துக்கே அதிதேவதையான மாதங்கியை. மன்னனைக் காக்கும்படி கடவுளை வேண்டிய பாட்டில் மன்னனுக்குரிய இடத்தைத் துடைத்துவிட்டு, நேரே தெய்வத்தினிடம் தமக்காக வேண்டிக்கொண்டார். சிங்காசனம் இருந்த இடத்தில் வீணை வந்து அமர்ந்தது.

இதனை ராஜத்துரோகமென்றோ தேசப்புரட்சியென்றோ கொண்டாட நாம் துணியமாட்டோம். அவருக்கு அத்தகைய கருத்து இருந்ததென்பதற்குச் சாட்சியம் கிடையாது. சாட்சியம் இல்லாத வழக்கை வாதிடுவது எமக்கு வழக்கமுமன்று. ஆனால் அடிமைத்தனம் என்ற குற்றச்சாட்டுக்கும் இடமில்லை என்பதை அவர் வாழ்வின் எஞ்சிய பகுதி நிலைநாட்டும்.

மணலியில் இருக்கையில் சிதம்பரநாத யோகி என்ற துறவி தீட்சிதரைத் தம்முடன் காசிக்கு அழைத்துச் சென்றார். சில வருஷங்கள் அங்கே தங்கி வேதாந்தமும் ஸ்ரீவித்யையும் பயின்றார். வடநாட்டு துருபத இசையைச் செவியாரக் கேட்டார். அதன் பயனைத் துவிஜாவந்தியிலும் யமுனாகல்யாணியிலும் அவர் செய்த கிருதிகளில் காணலாம். கங்கையிலிருந்து வீணை கிடைத்தது என்பர். யோகி காசியிலேயே சித்தியடைய, தீட்சிதர் தெற்கே திரும்பித் திருத்தணி முருகன் சந்நிதியில் முதற் கிருதியைப் பாடினார். குருகுஹ என்பதே அவர் முத்திரையாயிற்று. நோட்டுஸ்வரங்களிலும் அதே முத்திரை இருக்கிறது. அவற்றை விளையாட்டாகவோ துரைமாரின் வேடிக்கைக்காகவோ செய்திருந்தால் தம் தெய்வத்தின் பெயரை அவற்றில் பொறித்திருப்பாரா?

அப்பால் அவர் வாழ்வு ஒரு நீண்ட தீர்த்த யாத்திரை. காஞ்சியில் பிருதிவி லிங்கத்தை, திருவண்ணாமலையில் தேயுவை, சிதம்பரத்தில் ஆகாயத்தைப் பாடினார். அண்ணாமலைக்கும் தில்லைக்கும் நடுவே கிடப்பது நம் தென்னாற்காட்டுச் சீமை. 1801-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து நாடு முழுவதும் கும்பினியின் நேர் ஆட்சிக்குப் போய்விட்டது. கலெக்டர் கச்சேரியும் தாலூக்கா கச்சேரியும் முளைத்த அக்காலத்தில், தீட்சிதரின் பாட்டில் அந்த ஆட்சி ஒரு வரியிலும் தலைகாட்டவில்லை. அவருக்குத் தேசம் என்பது கோயில்களின் வரிசை. ஒவ்வொரு தலத்தின் மூர்த்தியும் தீர்த்தமும் விருட்சமும் அவர் கிருதிகளில் பதிவாகியிருக்கின்றன. வெள்ளைக்காரன் சங்கிலி போட்டு நிலம் அளந்து படம் எழுதிய அதே காலத்தில், இவர் வேறொரு படம் எழுதினார் என்று சொல்லலாம்.

திருவாரூரில் நெடுநாள் வாழ்ந்தார். சுத்த மத்தளம் தம்பியப்பன் அங்கே அவர் சீடர். அவருடைய வயிற்று நோய் தீரவே நவக்கிரகக் கிருதிகள் பிறந்தன என்பர். தஞ்சைச் சகோதரர்களான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நால்வரும் அவரிடமே கற்றனர். நட்டுவ மரபில் வந்தவர்களுக்கு இக்கலையை அள்ளிக் கொடுத்த அந்த மனத்தை இன்றைய சங்கீத வட்டாரத்தார் சற்றே நினைத்துப் பார்ப்பது நலம். வடிவேலு பிடிலில் தேர்ந்து, திருவாங்கூரில் ஸ்வாதித் திருநாளிடமிருந்து 1834-ல் தந்தப் பிடில் பெற்றார்.

தஞ்சையில் அப்போது சரபோஜி மன்னர். 1799 உடன்படிக்கையால் நாடு முழுவதையும் கும்பினியிடம் ஒப்புவித்துவிட்டு, கோட்டையோடு நின்றவர். நூலகத்தைப் பெருக்கிய கல்விமான் என்பதில் ஐயமில்லை. அவரும் மேனாட்டு வாத்தியங்களை வரவழைத்து அரண்மனையில் ஒரு பாண்டு வைத்திருந்தார். தாமே அதற்கு மெட்டுக்கள் அமைத்தார். படை போயிற்று, பாண்டு எஞ்சிற்று. தீட்சிதருக்கோ அக்காலத்தில் வீட்டில் வறுமை. அரசரைப் பாடினால் பொன் வரும் என்று இல்லத்தில் குறிப்புக் காட்டியபோது, மனிதரைப் பாடுவதில்லை என்ற உறுதியோடு லலிதா ராகத்தில் ஹிரண்மயீம் என்ற கிருதியை லக்ஷ்மிமீது பாடினார் என்பது வழங்கி வரும் செய்தி. கதை எப்படியாயினும், சரபோஜியைப் பாடாத நாவு லண்டனிலிருந்த ஜார்ஜ் மன்னனைப் பாடியிராது. அடிமை மனம் படைத்தவன் அருகில் இருக்கும் அரசனை விட்டு, மெட்டைமட்டும் எடுத்துக்கொண்டு மாதங்கியிடம் போகமாட்டான்.

இறுதிக் காலத்தில் மதுரை வழியாக எட்டயபுரம் சென்றார். தம்பி பாலுசுவாமி அங்கே ஆஸ்தான வித்துவான். கட்டபொம்மனுக்கு எதிராக 1799-ல் கும்பினியின் பக்கம் நின்ற பாளையம் அது. அவ்வூர்ப் பெயரைக் கேட்டவுடன் நம்மவர்க்குச் சினம் மூளும். ஆனால் அதே ஊர்தான் பாரதியையும் நமக்குத் தந்தது. தீட்சிதர் வறண்ட அந்தப் பூமியில் அமிர்தவர்ஷிணி பாடி மழை பெய்வித்தார் என்று அங்குள்ளோர் சொல்வர். 1835 அக்டோபர் 21, தீபாவளி நாள். மீனாக்ஷி மே முதம் என்ற கிருதியைச் சீடர்கள் பாடிக்கொண்டிருக்க, அவர் உயிர் பிரிந்தது. அவ்வருஷமும் மன்மத வருஷமே. பிறந்த வருஷம் திரும்பி வருமளவும் இருந்து சென்றார். அவருடைய சமாதி எட்டயபுரத்திலேயே இருக்கிறது.

பாலுசுவாமியின் பேரரும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதர் குடும்பச் சொத்தாகிய கிருதிகளைக் காத்தார். அவற்றை அச்சேற்றுமாறு அவரை வற்புறுத்தியவர் கிறிஸ்தவத் தமிழரான ஏ. எம். சின்னசுவாமி முதலியார், நம் சங்கீதத்தை மேனாட்டு ஸ்வரக் குறியில் அச்சிட்டு உலகறியச் செய்ய முயன்றவர். 1904-ல் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி வெளிவந்தது. அடுத்த வருஷம் வெளிவந்த பிரதமாப்யாச புஸ்தகம் என்ற பாலபாட நூலில் 30-க்கு மேற்பட்ட நோட்டுஸ்வரங்கள் இடம் பெற்றன. கோட்டை மதிலுக்குள் சிப்பாய்க்கு நடை பயிற்றிய மெட்டு குழந்தைக்கு ஸ்வரம் பயிற்றும் பாடமாயிற்று. 1906-ல் சுப்பராமர் மறைந்தபோது இரங்கற்பா எழுதியவர் பாரதி. நம் தமிழ்நாட்டில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று முழங்கியவரும் அவரே. நோட்டுஸ்வரங்களின் மொழி தமிழாக இருந்திருந்தால் அவை தெருவெங்கும் பரவியிருக்கும் என்ற ஏக்கம் எமக்கும் உண்டு.

நாதஸ்வரக்காரர்கள் ஊர்வலத்தில் இங்கிலீஷ் நோட்டு வாசிப்பதும், முத்தையா பாகவதர் அமைத்த நோட்டை மதுரை மணி ஐயர் பாடிச் சபைகளைக் கட்டிப்போட்டதும் இதே வழியில் வந்தவை. பாண்டு வாத்தியமேகூட ஐரோப்பியரின் சொந்தச் சரக்கன்று. அதன் பெருமுரசும் ஜாலராவும் துருக்கிச் சுல்தானின் படை வாத்தியத்தைப் பார்த்து அவர்கள் 18-ஆம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்டவை. டில்லியில் ஜனவரி 29-ந் தேதி நடக்கும் படைவாத்திய விழாவில், நெடுங்காலமாக வாசித்து வந்த ஓர் ஆங்கிலத் துதிப்பாட்டை 2022-ல் நிறுத்தினர். நிறுத்தியதைச் சிலர் புகழ்ந்தனர்; சிலர் வருந்தினர். அந்நிய மெட்டை அப்படியே வாசிப்பது, அறவே விலக்குவது என்ற இரண்டு வழிகளே இருப்பதாக இரு திறத்தாரும் வாதித்தனர். தீட்சிதர் சென்ற வழி எவர் நினைவுக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கல்யாண ஊர்வலத்துக்கு முன்னே கிளாரினெட்டும் டிரம்பெட்டும் முரசும் கொண்டு செல்லும் பாண்டு கோஷ்டிகளுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். சினிமா மெட்டை அவர்கள் விட்டுவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் நோட்டுஸ்வரங்கள் அந்த வாத்தியங்களிலிருந்தே பிறந்தவை, கமகம் வேண்டாதவை, நாலு நாள் பழகினால் கைவந்துவிடும். மாப்பிள்ளை அழைப்புக்குச் சக்தி ஸஹித கணபதிம் என்ற நோட்டுடன் தொடங்கட்டும். சுற்று வட்டாரத்துச் சங்கீத ஆசிரியர்களில் அதைப் பாடிக்காட்ட அறிந்தவர் எத்தனையோ பேர் இருப்பர். பாண்டு மாஸ்டர்கள் அவர்களை ஒரு மாலைப்பொழுது நாடினால் போதும்.